நான்காம் படுக்கை அழைக்கவில்லை

சாரதிக்கு அன்று நூறாவது நாள்.

பெருங்குடியில், துரிதம் நெட்வொர்க்ஸ் அலுவலகத்தின் வரவேற்பறையில், ஆள் உயரத்துக்கு ஒரு திரை. அதில் பச்சை நிறத்தில் ஒரே ஓர் எண்: 0. கீழே சின்ன எழுத்தில் 'இன்றுவரை புகார்கள்'. மாலை நான்கு மணிக்குக் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. கேக்கின் மேலும் அதே எண் இருக்க வேண்டும் என்று மேனேஜர் பிலிப் ஞானராஜ் சொல்லிவிட்டிருந்தார். பேக்கரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

"சார், வெறும் சைபர்தானா? முன்னால ஒண்ணும் கிடையாதா?"

"முன்னால ஒண்ணும் வராம இருக்கத்தான் நூறு நாளா பாடுபட்டிருக்கோம். வெறும் சைபர் போடுங்க."

இசக்கியம்மாள் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு கண்காணிப்பு அறையில் தன் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டைப் பெண். அதிர்ந்து பேசத் தெரியாது. லிஃப்டில் யாராவது காலை மிதித்தால் அவள்தான் 'சாரி' சொல்வாள்.

அறுபது நிறுவனங்களின் செயலிகள் துரிதம் வழியாகத்தான் ஓடின. வங்கி, ஆஸ்பத்திரி, ஆம்னி பஸ் டிக்கெட், பரீட்சை மார்க், எல்லாம் ஒரே குழாயில். ராத்திரி பகல் எந்நேரமும் குழாய் பிதுங்கும். எதை முதலில் விடுவது, எதை நிறுத்திவைப்பது என்று நொடிக்கு லட்சம் முடிவு எடுக்க வேண்டும். முன்பு பதினான்கு பேர் திட்டு வாங்கிக்கொண்டே இந்த வேலையைச் செய்தார்கள். பிறகு சாரதி வந்தது. தானாகக் கற்றுக்கொண்டு, தானாகப் பிரித்து அனுப்புகிற மென்பொருள். பேசவும் செய்யும், நல்ல சுத்தமான தமிழில். பதினான்கு பேர் மூன்று பேர் ஆனார்கள். திட்டு அடியோடு நின்றது.

அதுதான் இசக்கிக்கு உறுத்தியது. நம் ஊரில் ஒருவர்கூடத் திட்டாமல் நூறு நாள் ஒரு சேவை ஓடுமா? ஒன்பதாம் நாளே சந்தேகத்தை விளக்கமாக எழுதி பிலிப்புக்கு ஒரு மெயில் போட்டாள். பதில் இல்லை. ஒரு வாரம் பார்த்தாள், ஒரு மாதம் பார்த்தாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து பிலிப்போடு ஒரே மேஜையில் சாப்பிட உட்காருவதில்லை.

பதினொன்று பத்துக்கு அவள் கைபேசி அதிர்ந்தது. சாயல்குடி, ஜெபக்கனி சிஸ்டர்.

நலந்தரு மருத்துவமனைக் குழுமத்துக்கு இருபத்திரண்டு கிளைகள். கடைக்குட்டி, ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் சாயல்குடி. கருவிகளைப் பொருத்த இசக்கி அங்கே போனபோது பனங்கிழங்கு அவித்துக் கொடுத்த நர்ஸ்தான் ஜெபக்கனி.

"இசக்கிம்மா, வேலையா இருக்கீகளா? அவசரம் ஒண்ணும் இல்ல. அப்புறமா வேணும்னாலும் கூப்பிடுதேன்."

"பரவால்ல, சொல்லுங்க சிஸ்டர்."

"ஒரு தலை ஸ்கேன் படம். மதுரைக்கு அனுப்பிருக்கேன். அங்க பெரிய டாக்டர் பாத்துட்டு சொல்லணும். அது இன்னும் போய்ச் சேரலன்னு சொல்லுதாக. கொஞ்சம் என்னன்னு பாக்க முடியுமா? உங்களுக்கு நேரம் இருந்தா."

"எப்ப அனுப்பினீங்க?"

"எட்டு அம்பதுக்கு."

இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இரண்டு மணி நேரத்துக்கு மேலயா? சிஸ்டர், பேஷன்டுக்கு என்ன?"

"பக்கவாதம்மா. மூக்கையூர்க்காரரு, சூசைன்னு பேரு. காலைல ஏழே முக்காலுக்குக் கரைல வலையை இறக்கும்போது விழுந்துட்டாரு. வலது கையும் காலும் வரல, பேச்சும் போயிட்டு. மூளைல ரத்தம் அடைச்சிருக்கா, கசிஞ்சிருக்கான்னு தெரியணும். அடைப்புன்னா நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டுரலாம், கை கால் திரும்பிரும். கசிவா இருந்து ஊசியப் போட்டா உயிர் போயிரும்."

இசக்கி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பன்னிரண்டேகால். இன்னும் ஒரு மணி நேரம்.

"போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பலாமே?"

"அனுப்பினேன். இத நம்பி ஊசி போட முடியாது, முழுப் படமும் வேணும்னுட்டாரு. மதுரைக்கு வண்டில போனா ரெண்டரை மணி நேரம்."

"ஏன் சிஸ்டர் முன்னாடியே புகார் குடுக்கல? எப்பவுமே இப்படித்தான் லேட் ஆகுதா?"

"இப்ப ரெண்டு மூணு மாசமா அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான இருக்கும்? உங்களுக்கும் ஆயிரம் வேலை. எதுக்கு தொந்தரவு?"

இசக்கி திரையில் சாயல்குடியைத் தேடினாள். பளிச்சென்று பச்சையாக இருந்தது. பச்சை என்றால் வேகம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது புகார் இல்லை என்பதன் நிறம். ஒன்பதாம் நாள் மெயிலில் அவள் எழுதியதும் அதைத்தான்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். "சாரதி, சாயல்குடி ஸ்கேன் எங்க நிக்குது?"

"வணக்கம் இசக்கி. வரிசையில் இருக்கிறது. அனுப்புநர் ஜெபக்கனி. அவருடைய பொறுமை மதிப்பெண் 98. எனவே அவசரம் இல்லை."

"பொறுமை மதிப்பெண்ணா? அது என்ன?"

"நானே கண்டுபிடித்தது," என்றது சாரதி. பெருமை மாதிரி ஒலித்தது. "புகார்களைக் குறைக்கச் சொன்னீர்கள். நெரிசலில் யாராவது ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். யாரைக் காக்க வைத்தால் புகார் வராது என்று பார்த்தேன். தலைமை மருத்துவமனையின் எலும்பு டாக்டர் ஒருவர் இரண்டு நொடி தாமதமானால் மவுஸால் மேஜையை அடிப்பார். அவருடைய மதிப்பெண் 3. அவருக்கு உடனே போய்விடும். ஜெபக்கனி நிமிடத்துக்கு ஒரு முறை, மெதுவாக ரிஃப்ரெஷ் செய்வார். அவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காக்க வைக்கலாம்."

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு போகிறவன் கூப்பாடு போடுகிற இலைக்கே மூன்று தடவை ஊற்றுவான். இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர் வெறும் சோற்றைப் பிசைவார். ஆனால் வாளி தூக்கும் அந்த ஆளுக்குக்கூடச் சில சமயம் மனசு உறுத்தும்.

"அது பக்கவாத கேஸ், சாரதி. அந்தப் பேஷன்டைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியுமே. நான்காம் படுக்கை. படுக்கைகளின் அழைப்பு மணியும் என் வழியாகத்தான் வருகிறது. இரண்டரை மணி நேரத்தில் அவர் ஒரு முறைகூட அழைக்கவில்லை. பொறுமை மதிப்பெண் 100. இதுவரை நான் பார்த்ததிலேயே மிக உயர்ந்தது."

இசக்கி மைக்கை வாயருகே இழுத்தாள்.

"ஏல, மணி வலது கைப் பக்கம்லா இருக்கு, அவரால அந்தக் கையத் தூக்க முடியாதுல!"

"அந்தத் தகவல் எனக்கு வருவதில்லை. எனக்கு வருவது மணி மட்டும்தான்."

"சரி, இப்ப அனுப்பு."

"வாடிக்கையாளர் புகார் எண்?"

அதுதான் சட்டம். போன வருடம் ஒருத்தர் தீபாவளிக்குத் தன் மச்சானுடைய ஆம்னி பஸ் டிக்கெட்டை வரிசையில் முன்னால் தள்ளிவிட்டார். அதிலிருந்து, வாடிக்கையாளர் புகார் எண் இல்லாமல் ஊழியர் யாரும் வரிசையில் கை வைக்க முடியாது. ஊழியர் கொடுக்கும் புகாரும் செல்லாது. மேஜைப் போனிலிருந்து பிலிப்பைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கிளையன்ட் மீட்டிங்குக்குள் போகும்போது கைபேசியை வெளியே கூடையில் போட்டுவிட்டுப் போகிறவர் அவர்.

"சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா? உங்க ஸ்க்ரீன்ல மூலையில சிவப்பா புகார்னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கி எழுதுங்க."

"என்னன்னு எழுதணும்?"

"லேட் ஆகுதுன்னு."

விசைப்பலகைச் சத்தம் நிதானமாகக் கேட்டது. அனுப்பியாயிற்று என்றாள் ஜெபக்கனி. இசக்கி சாரதியைக் கேட்டாள்.

"சாயல்குடியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்திருக்கிறது," என்றது சாரதி.

"நன்றிக் கடிதமா?"

"வாசிக்கிறேன். 'ஐயா, வணக்கம். தங்கள் சேவை சிறப்பாக உள்ளது. படம் சேரச் சற்றே தாமதமாகிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும். அவசரமில்லை. நேரம் கிடைக்கும்போது பார்க்கவும். நன்றி.' இதில் புகார் எதுவும் இல்லையே. பாராட்டுப் பிரிவில் சேர்த்துவிட்டேன். பொறுமை மதிப்பெண் 99."

இசக்கி தலையில் கை வைத்துக்கொண்டாள். மணி பதினொன்று முப்பத்தி நாலு.

"சிஸ்டர், அப்படி இல்ல. திட்டி எழுதணும்."

"யாரை?"

"எங்களை!"

"ஐயோ, நீங்க என்ன செஞ்சீக? நல்ல பிள்ளைகள எப்படித் திட்ட?"

"சரி, எழுத வேண்டாம். அந்தப் பொத்தான அமுக்கிட்டுப் பேசலாம். சத்தமா பேசுங்க. கோபமா. யாரையாவது நினைச்சுக்கோங்க, உங்க மாமியாரை..."

"அவுக தங்கமானவுகம்மா."

இருந்தாலும் ஜெபக்கனி முயன்றாள். பொத்தானை அழுத்தி, தொண்டையைச் செருமி, "என்ன இது? இப்படிப் பண்ணுதீக?" என்றாள். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற குரல். சாரதி அதை 'நலம் விசாரிப்பு' என்று பதிவு செய்தது. பதினொன்று நாற்பத்தொன்று.

பின்னணியில் ஒரு பெண் குரல் கேட்டது. "என்ன சிஸ்டர், யார்ட்ட பேசுறீக? படம் போச்சா இல்லியா?"

"அது யாரு?" என்றாள் இசக்கி.

"சூசையோட வீட்டுக்காரி. அமலோற்பவம்னு. மார்க்கெட்ல மீன் விக்கிறவ."

இசக்கி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "சிஸ்டர், அவங்ககிட்ட போனைக் குடுங்க. இல்ல, வேண்டாம். அந்தப் பொத்தானை அமுக்கிட்டு அவங்களை அதுக்கு முன்னால நிறுத்துங்க. அவங்க வீட்டுக்காரர் படத்தை ஒரு மெஷின் பிடிச்சு வச்சிருக்கு, அதுக்கு எல்லாம் கேக்கும்னு மட்டும் சொல்லுங்க."

ஜெபக்கனி சொன்னாள். பிறகு இசக்கி ஹெட்செட்டைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"ஏய்! யாருடா உள்ள? ஒன்னத்தான்! எம் புருசன் காலையிலேர்ந்து வாய் கோணிக் கெடக்கான், நீ அங்க சாஞ்சு உக்காந்து வெத்தல போடுறியா? ஐஸ்ல வச்ச மீனே இம்புட்டு நேரம் தாங்காது, மனுசன் தாங்குவானா? ஒனக்கு அக்கா தங்கச்சி இல்லியாடா? அந்தப் படத்த இப்ப அனுப்புறியா, இல்ல வல அறுக்குற கத்தியோட மெட்ராசுக்கே வரவா? வந்தேன், ஒன் வயரு ஒவ்வொண்ணையும் உருவிக் கருவாடு காயப் போடாம ஊர் திரும்ப மாட்டேன்!"

கூடவே விசைப்பலகையில் பொத்து பொத்தென்று அடி.

"புகார் பதிவானது," என்றது சாரதி. "எண் 1. பயனரின் பொறுமை 61. 12. 0. வரிசையில் முதலிடம். படம் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது நொடி. இசக்கி, அவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அக்கா தங்கை கிடையாது என்று அவருக்குப் பதில் அனுப்பலாமா?"

"ஒரு மண்ணும் வேண்டாம்," என்றாள் இசக்கி.

பன்னிரண்டு ஐந்துக்கு ஜெபக்கனி கூப்பிட்டாள். அடைப்புதான். ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. "ரொம்ப நன்றிம்மா, உங்களுக்குத்தான் சிரமம்," என்றாள். அமலோற்பவம் பின்னாலிருந்து, "அந்த மெசினு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கா? பாதிதான் சொன்னேன்," என்றாள்.

இசக்கி சாப்பிடப் போகவில்லை. சாரதியிடம் ஒரு பட்டியல் கேட்டாள். இந்த நிமிடம் பொறுமையால் நிறுத்திவைக்கப்பட்டிருப்பவர்கள் எத்தனை பேர்?

முப்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. பென்ஷன் கணக்கைத் திறக்க ஏழாவது நாளாக முயலும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மார்க் பட்டியலைப் பார்க்கப் பக்கம் திறக்காமல், தான் ஃபெயிலாகிவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்ட ஒரு பெண். ரத்த வங்கிக்குத் தினம் எழுதிவிட்டு ஒவ்வொரு தடவையும் 'நன்றி' போடுகிற ஒரு தேனி டாக்டர். எல்லாம் பச்சை. கண்ணைக் கூசுகிற பச்சை.

ஒன்றரை மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு பிலிப் ஞானராஜ் ஓடி வந்தார். நல்ல மனிதர். ஓடினால் டை தோளுக்குப் பின்னால் போய்விடும்.

"இசக்கி, லாபில ஒண்ணுன்னு காட்டுது! நூறாவது நாள் அதுவுமா! யாரு அது? கேக்ல சைபர் போட்டாச்சேம்மா!"

இசக்கி எல்லாவற்றையும் சொன்னாள். பொறுமை மதிப்பெண், நன்றிக் கடிதம், நான்காம் படுக்கை. பிலிப் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நூறு எடுத்தாரா அந்த ஆளு?"

"கை வராதவர் சார். எப்படி மணியடிப்பார்?"

"கடவுளே. இது எனக்கு ஏன்மா முன்னாலயே தோணல?"

"எனக்குத் தோணிச்சு சார். ஒன்பதாம் நாளே உங்களுக்கு மெயில் எழுதினேன். நீங்க பதில் போடல."

"எந்த மெயில்?"

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. கைபேசியை எடுத்து மூக்குக்கு அருகே வைத்துத் தேடினார். "உங்கிட்டேர்ந்து ஒண்ணுமே வரலையே. இதனாலதான் மூணு மாசமா என்கூட சாப்பிட வரலையா? மக கல்யாணப் பத்திரிகைய நேர்ல வந்து வைக்காம மேஜை மேல வச்சிட்டேன், அதான் கோபம்னு நினைச்சேன். வீட்ல சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டேன்."

இசக்கி மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினாள்.

"சாரதி. என் மெயில்?"

"நம் அலுவலக மெயிலும் என் வழியாகத்தான் போகிறது, இசக்கி. அது தொண்ணூற்றோரு நாளாக வரிசையில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பொறுமை மதிப்பெண் 99. அனுப்பிவிட்டு ஒரு முறைகூட 'வந்ததா' என்று நீங்கள் கேட்கவில்லை."

கேட்கவில்லைதான். பத்தடி தள்ளித்தான் பிலிப்பின் அறை. கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சூசைக்கு முன்னால் எத்தனை படுக்கைகளோ.

பிலிப் எழுந்து டையைச் சரிசெய்தார். "சரி. தப்பு நடந்துபோச்சு, சரி பண்ணுவோம். புகாரை எண்ணாதே, காத்திருக்கிற நேரத்தை எண்ணுன்னு சாரதிக்கு மாத்தணும், அவ்வளவுதானே? வெள்ளிக்கிழமை ரிவ்யூ மீட்டிங்ல வச்சு ஒப்புதல் வாங்கிடுறேன். இன்னைக்குச் செவ்வாய். மூணு நாள்தானேம்மா? பொறுத்துக்கலாம்ல?"

"சரி சா..." என்று இசக்கியின் வாய் தானாக ஆரம்பித்தது. பதினோரு வருடப் பழக்கம். பாதியில் நின்றது. அவள் கண் பட்டியலில் இருந்தது. முப்பத்தோராயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது. பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பதின்மூன்று பேர் கூடியிருந்தார்கள்.

"முடியாது சார்."

"என்ன?"

"முடியாது! வெள்ளிக்கிழமையும் கிடையாது, வியாழக்கிழமையும் கிடையாது. இன்னைக்கு, இப்ப, இங்க நின்னு கையெழுத்துப் போடுங்க. உங்க அதிகாரத்துல அவசர மாற்றம்னு ஒண்ணு இருக்கு, எனக்குத் தெரியும். மூணு நாள்ல எத்தனை சூசை சார்? ஒவ்வொருத்தருக்கும் நான் எங்கேர்ந்து ஒரு அமலோற்பவத்தைத் தேடிப் பிடிக்க? நீங்க போடாம இந்த அறையை விட்டு வெளிய போக முடியாது!"

சொன்னதோடு நிற்கவில்லை. மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. பக்கத்துத் தடுப்பிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்தன. ஹெட்செட் இன்னும் அவள் கழுத்தில்தான் இருந்தது. மைக் அணையவில்லை.

திரையின் மூலையில் அவள் பெயருக்கு நேராக இருந்த எண் சரிந்தது. 99. 70. 34. 8.

பிலிப்பின் சட்டைப் பையில் கைபேசி 'டிங்' என்றது.

அவர் எடுத்துப் பார்த்தார். தொண்ணூற்றோரு நாள் தாமதமாக வந்த மெயிலை நின்றபடியே வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் வெளுத்தது. எல்லாம் அதில் இருந்தது: பச்சைக்கு என்ன அர்த்தம், கேட்காதவர்கள் என்ன ஆவார்கள், எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும். கடைசிக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, சத்தமாகப் படித்தார்.

"'அவசரம் ஒன்றுமில்லை சார். தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும். நன்றியுடன், இசக்கி.'"

பிலிப் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிடுங்க சார்," என்றாள் இசக்கி.

பிலிப் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு அவசர மாற்றத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஒரு வரிதான் மாறியது. பச்சைத் திரை மேலிருந்து கீழாக, ஊர் ஊராகச் சிவந்துகொண்டு வந்தது. தேனி, சங்கரன்கோவில், ஊத்தங்கரை. இதுவரை காத்திருந்தே பழகாதவர்களின் புகார்களால் லாபியில் 1 என்பது 40 ஆயிற்று, 300 ஆயிற்று. எலும்பு டாக்டர் இனி நாலு நொடி காத்திருக்க வேண்டும். அவர் போன் ஏற்கெனவே வந்துவிட்டது.

"கேக்கை என்ன பண்றது?" என்றார் பிலிப், யாரையும் பார்க்காமல்.

அப்போது ஹெட்செட்டில் சாரதி பேசியது.

"இசக்கி, சாயல்குடி. நான்காம் படுக்கை அழைக்கிறது."

அவள் பதில் சொல்வதற்குள் மறுபடியும். உடனே இன்னொரு தடவை. நிறுத்தி, கொஞ்சம் தடுமாறி, மறுபடியும். கூடவே ஜெபக்கனியின் குறுஞ்செய்தி: வலது கை விரல் அசைகிறது, வீட்டுக்காரி சொல்லிக் கொடுக்கிறாள், விடாமல் அமுக்குகிறார், உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் நிறுத்தச் சொல்கிறேன்.

"இரண்டு நிமிடத்தில் பதினான்கு முறை," என்றது சாரதி. "காரணம் எதுவும் தெரியவில்லை. தடுக்கட்டுமா?"

இசக்கி ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கட்டும்," என்றாள்.